ஊசிக்கு முன்னாடி மூச்சை எண்ணுங்க

2023 மார்ச்சில் எச்3என்2 காய்ச்சல் பரவியப்போ, புதுச்சேரியில் எட்டாவது வரைக்கும் 16 முதல் 26 வரை பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாங்க. சரிதான். ஆனா அபிஷேகப்பாக்கம் மாதிரி ஊர்ல திண்ணையில படுத்திருக்கிற பெருசுங்களை யார் பார்க்கிறது?

எங்க ஆளுங்களுக்கு ஒரு ஊசி, நாலு கலர் மாத்திரை கிடைச்சா வைத்தியம் முடிஞ்சுது. ஃப்ளூ வைரஸ் நுரையீரல்ல இறங்கி நிமோனியா ஆனா, ஆன்டிபயாடிக் அந்த வைரஸை ஒண்ணும் செய்யாது. பாக்டீரியாவும் சேர்ந்துகிட்டாதான் அதுக்கு வேலை. எக்ஸ்ரே நிமோனியாவைக் காட்டும். எந்தக் கிருமின்னு தெரிய மூக்கு, தொண்டையில சாம்பிள் எடுக்கணும். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லா கேட்கும். அதனால ஊசி போடுறதுக்கு முன்னாடி மூச்சை எண்ணணும், விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டணும். கிராமத்து சுகாதார நிலையத்துல இதைக் கட்டாயமாக்கணும்னு நான் சொல்றேன்.

பட்டணத்துல இருந்து போன் பண்ற பிள்ளைங்களே, "காய்ச்சல் விட்டுச்சாம்மா?"ன்னு மட்டும் கேட்காதீங்க. வயசானவங்களுக்குக் காய்ச்சலே தெரியாமலும் போகலாம். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சுதான் கணக்கு. அதைத் தாண்டினா டாக்டர்கிட்ட காட்டுங்க. 30ஐத் தொட்டாலோ, பேச்சு தடுமாறினாலோ, விடியட்டும்னு இருக்காதீங்க. உடனே வண்டிக்குச் சொல்லுங்க.