வாடை இல்லாத விஷம்: விதியா, விற்றவரா?



புகை நமக்குப் புதிதல்ல. ரப்பர் ஷீட்டைப் புகைக் கொட்டகையில் தொங்கவிட்ட கைகள் நம்முடையவை. லயத்து வீட்டில் விறகடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்தவர்கள் நம் தாய்மார்கள். புகை வந்தால் கண் கரிக்கும், இருமல் வரும், "கதவைத் திறடி" என்று யாராவது சத்தம் போடுவார்கள். ஆனால் இன்று நான் சொல்ல வந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பெயர் கார்பன் மோனாக்சைடு. கரி, விறகு, கேஸ், பெட்ரோல் எதுவானாலும், போதிய காற்றில்லாமல் அரைகுறையாக எரிந்தால் அது பிறக்கும்.

"கேஸ் கசிந்தால் வாடை வருமே?" என்பீர்கள். அது வேறு, இது வேறு. தோம்பில் உள்ள கேஸுக்கு வாடையைக் கலந்து விற்கிறார்கள். எரிந்த பிறகு வரும் இந்த விஷத்துக்கு அந்தக் காவல் கிடையாது.

2020 ஜனவரியில் நேபாளத்தில் தாமன் என்ற மலையூருக்குக் கேரளத்திலிருந்து சுற்றுலா போனவர்களில் எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தார்கள். குளிருக்குக் கேஸ் ஹீட்டர். கதவு, ஜன்னல் எல்லாம் அடைப்பு. எட்டுப் பேரும் போய்விட்டார்கள்; அதில் நான்கு பேர் குழந்தைகள். 2024-ல் கொடைக்கானலில் கரியடுப்புப் புகையால் திருச்சி வாலிபர்கள் இரண்டு பேர் தூக்கத்திலேயே மாண்டார்கள். கேமரன் மலைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள். வெள்ளக் காலத்தில் ஜெனரேட்டரைப் பின்கட்டுக்குள் வைத்து ஓட்டுகிறவர்களுக்கும்தான் சொல்கிறேன்.

நம் ரத்தம் பிராணவாயுவைப் பிடிப்பதைவிட இதை இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறதா? காய்ச்சல் இல்லையா? வெளியே போனால் குறைகிறதா? சந்தேகப்படுங்கள். எல்லாரையும் வெளியே கொண்டு வந்து 999-ஐக் கூப்பிடுங்கள். கோவிட் காலத்தில் வாங்கிய விரல் கருவியை நம்ப வேண்டாம். இந்த விஷம் ஏறிய ரத்தத்துக்கும் அது நல்ல எண்ணையே காட்டும். வயிற்றில் பிள்ளை உள்ளவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு.

சரி, சாவு நடந்துவிட்டது. துக்க வீட்டில் என்ன பேசுகிறோம்? "விதி முடிஞ்சிருச்சி." இந்தப் பேச்சுதான் எனக்குப் பிடிப்பதில்லை.

ஜப்பானைப் பாருங்கள். பலோமா என்ற கம்பெனியின் கேஸ் வாட்டர் ஹீட்டரால் 1985-லிருந்து 2005 வரை 21 பேர் செத்தார்கள். ரிப்பேர்காரர்கள் பாதுகாப்புக் கருவியைத் தாண்டி ஒயரை மாற்றி இணைத்திருந்தார்கள். "எங்கள் தப்பில்லை" என்று கம்பெனி சொல்லிப் பார்த்தது. விபத்துகள் தெரிந்தும் சும்மா இருந்தது தப்பு என்று 2010-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் முன்னாள் தலைவரையே குற்றவாளி ஆக்கியது. (சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். அது வேறு கதை.)

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, எதிர்பார்க்கத்தக்க பாதுகாப்பு இல்லாத பொருளால் உயிரோ உடம்போ கெட்டால், செய்தவர், தன் பெயரைப் போட்டு விற்றவர், வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தவர் எல்லாரும் பொறுப்பு. செய்தவர் யார் என்று நீங்கள் கேட்டும் கடைக்காரர் சொல்லாவிட்டால் பொறுப்பு அவர் தலையில் விழும். "நாங்கள் பொறுப்பல்ல" என்று ரசீதில் அச்சடித்துத் தப்பிக்க முடியாது. கரியடுப்பை நாமே அறைக்குள் வைத்தால் வழக்கு கடினம்தான். ஆனாலும் பொருளில் என்ன எச்சரிக்கை இருந்தது என்பதையும் சட்டம் பார்க்கும்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. கெட்டுப்போன அடுப்பின் விலையை வாங்க ஐந்து வெள்ளி கட்டினால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் கேட்கும், வக்கீலே வேண்டாம். அந்த அடுப்பால் ஆள் செத்தால் அதே மன்றம் கேட்காது. சிவில் கோர்ட்டுக்குப் போ என்கிறது சட்டம். தோட்டம் விற்கப்பட்டு, ஈப்போ ஓரத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு விதவை அந்தப் படியை எப்படி ஏறுவார்? சங்கங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

அதற்கும் கெடு உண்டு. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டப்படி, இறந்தவரை நம்பியிருந்த கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோருக்காகப் போடும் வழக்கு மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். கருமாதி முடிந்து, கடன் அடைத்து நிமிர்வதற்குள் அது ஓடிவிடும். ஆகவே ஆஸ்பத்திரி ரத்தச் சோதனை, பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரசீதையும் பெட்டியையும் எடுத்து வையுங்கள். முக்கியமாக, அந்த ஹீட்டரோ அடுப்போ, அதைக் கழுவாமல், ரிப்பேர் பார்க்காமல், கடைக்காரர் "மாத்தித் தரேன்" என்றாலும் கொடுக்காமல் அப்படியே மூடி வையுங்கள். வழக்குக்கு அதுதான் முதல் சாட்சி. பழைய சாமான் லாரி வாசலில் வந்து நின்றால், "இன்னைக்கு ஒன்னும் இல்ல, போய்ட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.