ஆடினவங்க கோச் ஆகணும்

பெரு நாட்டில் ஹோசே டெல் சோலார்னு ஒரு மிட்ஃபீல்டர் இருந்தார். ஸ்பெயின் கிளப்களில் ஆடினவர். ஓய்வுக்குப் பிறகு கோச் ஆனார். 2005-ல் ஸ்போர்ட்டிங் கிறிஸ்டல் அணியை அந்நாட்டு லீக் சாம்பியன் ஆக்கினார். 2007-ல் தேசிய அணியே அவர் கைக்கு வந்தது. ஆடி முடிச்சவர் கோச் ஆவது அங்கே பெரிய அதிசயம் இல்லை.

நம்மகிட்ட அப்படி யாரும் இல்லையான்னு கேட்டா, இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் அதே பெருவிடம் இந்தியா 1-3 என்று தோற்றது. நம்ம ஆண்கள் அணி ஒலிம்பிக்ஸில் ஆடியது அதுதான் கடைசி. அந்த அணியில் இருந்த தமிழர் சைமன் சுந்தரராஜ். 1973-ல் கேரளா முதல் முறையாக சந்தோஷ் டிராபி வென்றபோது கோச் அவர்தான். கொச்சியில் நடந்த ஃபைனலில் ரயில்வேஸை 3-2 என்று ஜெயிச்சாங்க. ஒரு தமிழர் கேரளாவுக்கு முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்திருக்கார். நம்ம கேம்பஸில் எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும்?

சரி, பழைய கதையை விடுங்க. நம்ம மாவட்டத்துக்கு வருவோம். 2004 சுனாமிக்குப் பிறகு, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு கடலூரில் ஃபுட்பால் சொல்லிக் கொடுத்தவர் மாரியப்பன். அங்கே வளர்ந்த இந்திரா காந்தி அகாடமி, இந்தியப் பெண்கள் லீக் வரைக்கும் போச்சு. மிட்ஃபீல்டர் இந்துமதி கதிரேசனும் கடலூர்க்காரர்தான். 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல் முறையாகப் பெண்கள் தேசிய சாம்பியன் ஆனபோது அந்த அணியில் இருந்தார், இந்தியாவுக்கும் ஆடினார். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டரும் ஆனார். கொரோனா ஊரடங்கில் சென்னை ரோட்டில் டியூட்டி பார்த்தார்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலை கிடைப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஒரு குடும்பமே அதில் நிமிர்ந்து நிற்கும். ஆனா நம்ம ஊரில் ஃபுட்பால் ஆடுறதே அந்த வேலைக்கான டிக்கெட்டா மட்டும் இருக்கு. வேலை வந்ததும் பந்து மூலைக்குப் போயிடுது. பத்துப் பதினஞ்சு வருஷம் கிரவுண்டில் கத்துக்கிட்டதெல்லாம் அவங்களோடயே நின்னுடுது. அடுத்த செட் பிள்ளைங்க மறுபடி பூஜ்ஜியத்தில் இருந்து ஆரம்பிக்கணும்.

"நல்லா ஆடுறவங்க எல்லாம் நல்லா சொல்லித் தருவாங்களா?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. சொல்லித் தருவது தனி வித்தை. அதனால்தான் இந்தியக் கால்பந்து சம்மேளனம் டி லைசென்ஸில் ஆரம்பித்து சி, பி, ஏ, புரோ என்று படிப்படியா கோர்ஸ் வச்சிருக்கு. முதல் படியான டி லைசென்ஸ் சில நாள் கோர்ஸ்தான். ஆனா கட்டணம் கட்டணும், லீவு போடணும், எங்கே நடக்குதுன்னு தெரியணும். ஹாஸ்டல் ஃபீஸுக்கே திண்டாடுற பொண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இங்கேதான் நம்ம காலேஜ்கள் வரணும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இருக்கும் ஒவ்வொரு காலேஜும் ஃபைனல் இயர் முடிக்கும் ஆட்டக்காரர்களில் வருஷத்துக்கு ரெண்டு பேருக்கு, அதில் ஒருத்தராவது பொண்ணா, அந்த லைசென்ஸ் ஃபீஸைக் கட்டட்டும். கல்ச்சுரல்ஸ் மேடை லைட்டுக்குப் பண்ற செலவில் ஒரு துண்டு போதும். சாயங்காலம் சும்மா கிடக்கும் கிரவுண்டை பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்து விடட்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறையே இருக்கு. அங்கே படிக்கிறவங்களும் சேர்ந்தா பெரிய பலம்.

2019-ல் மதுரை சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக் ஜெயிச்சப்போ கோச் ஒரு பெண், அம்ருதா அரவிந்த். ஆக, முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. மிட்ஃபீல்டர்னா முன்னாடியும் பின்னாடியும் பார்த்து ஆடுறவர். அந்தப் பார்வை யூனிஃபார்ம் மாட்டினதும் வீணாப் போகக் கூடாது. நம்ம ஸ்போர்ட்ஸ் கமிட்டி அடுத்த மீட்டிங்கில் இதை முதல் அஜெண்டாவா எடுக்கணும்.