மந்திரி பேசியதை எந்தக் கிராணி எழுதினார்?



பால்வெட்டுத் தொழிலாளி தூக்கி வரும் பால், ஸ்டோரில் தராசில் ஏறும். கிராணி எடை பார்ப்பார், புத்தகத்தில் எழுதுவார். ஒரு ராத்தல் குறைந்தாலும் கேள்வி. ஒரு நாள் பிரட்டுக்கு வராவிட்டாலும் அதற்கொரு குறி. ஏழையின் உழைப்புக்கு இத்தனை கணக்கு இருக்கிறது. நாட்டின் நிதி மந்திரியிடம் ஒரு பெரிய மனிதர் தம் கம்பெனிக்காகச் சலுகை கேட்டால், அதை எழுதி வைக்கும் கிராணி யார்? எந்தப் புத்தகத்தில் எழுதுகிறார்?

ஜனநாயகத்தின் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ளும் பிரிட்டனில் நடந்த கதையைக் கேளுங்கள்.

டேவிட் கேமரன் 2010 முதல் 2016 வரை அங்கே பிரதம மந்திரி. பதவிக்கு வருமுன், 2010 பிப்ரவரியில், அவரே நாட்டை எச்சரித்தார். சர்க்காரிடம் காரியம் சாதித்துத் தரக் கூலி வாங்கும் சிபாரிசுத் தரகர்களால்தான் அடுத்த பெரிய ஊழல் வெடிக்கப் போகிறது என்றார். அங்கே அவர்களுக்கு லாபியிஸ்ட் என்று பெயர். சொன்ன வாக்கு பலித்தது. பலித்தது அவர் பெயரிலேயே!

லெக்ஸ் கிரீன்சில் என்பவர் ஆஸ்திரேலியாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து வட்டித் தொழிலில் வளர்ந்தவர். வியாபாரிக்கு வரவேண்டிய பாக்கியை முன்கூட்டியே கொடுத்து, அதில் தம் பங்கை எடுத்துக்கொண்டு, பிறகு கடன்பட்டவரிடம் முழுத்தொகையை வசூலிப்பது அவர் தொழில். முன்பு ஒரே வங்கியில் அவரோடு வேலை பார்த்த ஜெரமி ஹேவுட், பிரிட்டனின் மிக உயர்ந்த அதிகாரியாக இருந்தார். அந்தப் பழக்கம் 2012-ல் கதவைத் திறந்தது. கிரீன்சில் சம்பளமில்லாத ஆலோசகராகச் சர்க்காருக்குள் நுழைந்தார். மருந்துக்கடைகளுக்குச் சர்க்கார் தரவேண்டிய பணத்தை இதே முறையில் பட்டுவாடா செய்யும் திட்டம் அந்த ஆண்டே அறிவிக்கப்பட்டது. 2017-ல் அவருக்குப் பட்டமும் கிடைத்தது.

உள்ளே நுழைந்தவர் இவர் என்றால், வெளியே வந்தவர்களும் உண்டு. சர்க்காரின் கொள்முதல் துறைக்குத் தலைவராயிருந்த பில் குரோதர்ஸ், 2015-ல் அந்த நாற்காலியில் இருந்தபடியே கிரீன்சில் கம்பெனிக்குப் பகுதிநேர ஆலோசகரானார். மேலிடம் அனுமதி கொடுத்தது! கேமரன் பதவி விலகியது 2016 ஜூலை. முன்னாள் மந்திரிகள் புதிய வேலைக்கு அனுமதி கேட்கவேண்டிய காலம் இரண்டு ஆண்டு. அது முடிந்த கையோடு, 2018 ஆகஸ்டில், அவரும் அதே கம்பெனியில் ஆலோசகராய் அமர்ந்தார்.

2019 அக்டோபரில் கேமரனும் கிரீன்சிலும் சுகாதார மந்திரியோடு தனியாக அமர்ந்து மது அருந்தினார்கள். அந்தக் கம்பெனி அப்போது விற்க முனைந்தது எதை? பொது மருத்துவமனை ஊழியர் சம்பள நாளுக்கு முன்பே கூலியைப் பெறும் ஏற்பாட்டை! முன்பணம் கொடுப்பவன் ஏன் கொடுக்கிறான் என்று கங்காணி காலத்திலேயே கேட்கக் கற்றவர்கள் நாம். லண்டன் மந்திரிகளுக்கு அந்தப் பாடம் தெரியவில்லை போலும்.

பிறகு 2020. கொரோனா நோய் உலகை முடக்கியது. தொழில்கள் சாகாமல் காக்க இங்கிலாந்து வங்கியின் மூலம் அவசரக் கடன் திட்டம் ஒன்று வந்தது. கிரீன்சில் போன்ற நிதிக் கம்பெனிகளுக்கு அதில் இடமில்லை. விதியை மாற்றச் சொல்லிக் கேமரன் கைப்பேசியை எடுத்தார். நிதி மந்திரி ரிஷி சுனக்குக்குச் செய்தி. நிதித்துறையின் தலைமை அதிகாரிக்குச் செய்தி. வங்கியின் துணை ஆளுநருக்கும் செய்தி. வேறு வழி உண்டா என்று பார்க்கும்படி அதிகாரிகளை வற்புறுத்தியிருப்பதாக மந்திரி பதில் எழுதினார். அதிகாரிகள் பலமுறை கம்பெனியோடு பேசினார்கள்.

கடைசியில் மறுத்துவிட்டார்களே, இதில் என்ன கெடுதல் என்று சிலர் வாதாடுகிறார்கள். தோழர்களே, அந்த மாதங்களில் சிறு கடைக்காரர் எத்தனை பேர் கதவடைத்து நின்றார்கள்! அவர்களில் யாருக்கு நிதி மந்திரி கைப்பட பதில் எழுதினார்? பதில் இல்லை என்பதாகவே இருக்கட்டும். அந்த இல்லையைக் கேட்க அதிகாரிகளின் எத்தனை மணி நேரம் செலவானது? கதவு திறந்ததே சலுகைதான்.

2021 மார்ச் 8-ஆம் தேதி கிரீன்சில் கம்பெனி கவிழ்ந்தது. அதன் கடனை நம்பியிருந்த எஃகு ஆலைகளில் ஆயிரக்கணக்கான தொழிலாளரின் வேலை ஊசலாடியது. ஜெர்மனியில் அதன் வங்கியில் பணம் போட்ட நகராட்சிகள் கையைப் பிசைந்தன. கேமரனோ தமக்குக் கிடைத்த சம்பளம் தாராளமானது என்றார். தொகையைச் சொல்ல மறுத்தார். முறைப்படி கடிதம் எழுதியிருக்கலாம் என்று மட்டும் ஒப்புக்கொண்டார். பார்லிமெண்டின் நிதிக்குழு 2021 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது: விவேகம் பெரிதும் தவறிவிட்டது, ஆனால் விதி எதுவும் மீறப்படவில்லை. 2023 நவம்பரில் அவர் பிரபுவாகி வெளியுறவு மந்திரியாகவும் திரும்பி வந்தார்!

விதி மீறப்படவில்லை. இதுதான் நம் வயிற்றெரிச்சல்! அந்த விதியை எழுதியவர் யார்?

2014-ல் கேமரன் சர்க்காரே ஒரு சட்டம் கொண்டுவந்தது. தரகர்கள் பெயரைப் பதிய வேண்டும் என்றது. யார் பதியவேண்டும்? பல கம்பெனிகளுக்காகக் கூலிக்குப் பேசும் வெளித் தரகர் மட்டும். ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு அதற்காகப் பேசுபவர் பதிய வேண்டாம். கேமரன் அந்த ஓட்டை வழியாகவே வெளியே வந்தார். பதிவாளரும் விசாரித்து அவர் பதியத் தேவையில்லை என்றார். அதே சட்டத்தின் இன்னொரு பகுதி யாருக்கு? தொழிற்சங்கங்களுக்கு! பத்தாயிரத்துக்கு மேல் அங்கத்தினர் உள்ள சங்கங்கள், தம் அங்கத்தினர் பட்டியல் சரியென்று வெளியார் ஒருவரிடம் ஆண்டுதோறும் சான்று வாங்கவேண்டும் என்றது. தரகனுக்கு ஓட்டை, தொழிலாளிக்குப் பூட்டு. இரண்டும் ஒரே காகிதத்தில்!

இது நமக்குப் புதிதா? 1920-ஆம் ஆண்டுக்குப் பின் ரப்பர் விலை சரிந்தபோது, லண்டனில் இருந்த தோட்ட முதலாளிகளின் சங்கம் சர்க்காரின் கதவைத் தட்டியது. 1921-ல் காலனி மந்திரி வின்ஸ்டன் சர்ச்சில் ஒரு குழு அமைத்தார். தலைவர் விஸ்கிக் கம்பெனியிலிருந்து வந்த ஸ்டீவன்சன். தோட்ட முதலாளிகளின் பிரதிநிதிகளுக்கும் குழுவில் இடமிருந்தது. 1922 நவம்பர் முதல் மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. டச்சுக்காரர் சேரவில்லை, தங்கள் தீவுகளில் உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டார்கள். 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. நம் பாட்டன்மார் வெட்டிய மரத்தின் பால் எவ்வளவு கப்பலேறலாம் என்று முடிவு செய்த அந்த மேசையில், பால்வாளி தூக்கியவர் ஒருவர்கூட உட்காரவில்லை.

ஆகவே நாம் கேட்பது தயவு அல்ல, கணக்கு. கூலி வாங்கிக்கொண்டு சர்க்காரிடம் பேசுபவர் யாராயினும் பெயர் பதியட்டும். மந்திரியும் அதிகாரியும் யாரோடு, எதற்காகப் பேசினார்கள் என்பது அந்த மாதமே வெளிவரட்டும், கைப்பேசிச் செய்தி உட்பட. பதவியை விட்டவர் தாம் ஆண்ட துறையின் வாசலுக்குத் தரகராய் வர நீண்டகாலத் தடை இருக்கட்டும். லண்டனுக்கு மட்டுமல்ல, மந்திரிசபை உள்ள எந்த நாட்டுக்கும் இது பொருந்தும். நமக்கும் பொருந்தும்: நிர்வாகத்தோடு நம் காரியதரிசி பேசியதெல்லாம் கிளைக் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும்.

பாலை நிறுக்கத் தராசு இருக்கிறது. மந்திரியின் பேச்சை நிறுக்கவும் ஒரு தராசு வேண்டும். அதன் முள்ளை மக்கள் பார்க்கவேண்டும்!