லேபில் பாஸ், காட்டில்?

டெக்ஸ்டைல் படிக்கும் நாம் லேபில் பஞ்சை வைத்து இழை நீளம் பார்த்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்தப் பருத்தியைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். நானும் நினைத்தேன். பொங்கல் லீவில் சத்தியமங்கலம் போய், எங்க அப்பாருவிடம் ‘சுவின்’ பற்றிப் பெருமை பேசி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சுவின் லேசுப்பட்ட ரகம் இல்லை. சுஜாதாவையும் செயின்ட் வின்சென்ட் பருத்தியையும் கலப்பு செய்து கோவையில் உருவாக்கி, 1974-இல் வெளியிட்டார்கள். 120-ஆம் நம்பர் நூல் நூற்கலாம். இப்படி ஒரு ரகம் எடுக்க, மாலையில் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளை நீக்கணும். மறுநாள் காலை வேறு செடியின் மகரந்தம் தடவணும். அந்த விதையில் முளைத்ததைத் தலைமுறை தலைமுறையாகச் சலித்து, பல ஊர்களில் பாத்தி போட்டு, பழைய ரகத்தின் பக்கத்திலேயே வளர்த்து ஒப்பிடணும். ஒரு மனுஷனின் பாதி சர்வீஸ் அதிலேயே போய்விடும்.

அப்பாரு சொன்னது இது: “பஞ்சு பட்டாட்டம் இருந்துச்சு, ஆரு இல்லீன்னா? ஆறு மாசம் காட்டுலயே நின்னுச்சு. காய் சிறுசு. நாளெல்லாம் எடுத்தாலும் மடி நெறையாது, கூலி நெறையும். அரைச்சா கொட்டைதான் சாஸ்தி. வெலை அதுக்குத் தக்கன வந்துச்சா?”

மூன்று வருஷம் போட்டுவிட்டு விட்டுவிட்டார். அவர் மட்டுமல்ல, சுவின் பரப்பே சுருங்கிப்போனது. அந்த நைஸ் நூலுக்கு இன்று எகிப்தின் கீசாவும் அமெரிக்காவின் பீமாவும் கப்பலில் வருகின்றன.

விலை கொடுக்காதது வாங்கியவர் தப்பு, ரகத்தின் தப்பா என்று என் ரூம்மேட் கேட்கிறான். பாதி நியாயம். ஆனால் விலை குறைந்தால் தாங்குமா என்பதும் ரகத்துக்கு ஒரு பரீட்சைதானே? விளைச்சல், இழை நீளம், ஜின்னிங் சதவீதம் எல்லாவற்றுக்கும் மார்க் போடும் நாம், எடுப்புக் கூலியையும் காட்டில் நிற்கும் நாளையும் அதே தாளில், அதே மதிப்போடு எழுத வேண்டும் என்பது என் கட்சி. அந்த மார்க்கைப் போட வேண்டியவர் பருத்தி போடுகிறவர்.

என் ரெக்கார்டில் ‘ஓர் ஆள் ஒரு நாளில் எடுப்பது எத்தனை கிலோ’ என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். சார் பார்த்துவிட்டு, “சிலபஸில் இல்லையேப்பா” என்றார். மாசியில் எடுப்பு நடக்கும்போது ஊருக்குப் போய் நிரப்பப் போகிறேன். கூட யார் வர்றீங்க?