பகைநாட்டைப் பார்க்கும் உரிமை

ஒரு நாட்டைப் பகைநாடு என்று அரசு அறிவித்துவிட்டால், அங்குள்ள மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை நாம் யாரிடம் கேட்டு அறிவது? அறிவித்த அரசிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதானா?

வில்லியம் வொர்தி என்ற கறுப்பினப் பத்திரிகையாளரை இங்கே நினைவுகூர வேண்டும். 1956இல் சீனா அமெரிக்கச் செய்தியாளர்களை அழைத்தது. போகக்கூடாது என்றது அமெரிக்க வெளியுறவுத் துறை. வொர்தி போனார். திரும்பி வந்ததும் அவருடைய கடவுச்சீட்டைப் புதுப்பிக்க அரசு மறுத்தது. 1961இல் கடவுச்சீட்டு இல்லாமலேயே கியூபா சென்று வந்தார். வழக்குத் தொடரப்பட்டது. கியூபாவுக்குப் போனதற்காக அன்று. செல்லத்தக்க கடவுச்சீட்டின்றித் தாய்நாட்டுக்குள் நுழைந்ததற்காக! சொந்த வீட்டுக்குத் திரும்புவதைக் குற்றமாக்க முடியாது என்று 1964இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது.

ஓவியர் ராக்வெல் கென்ட் தொடுத்த வழக்கில், பயணம் செய்வது குடிமகனின் சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் 1958இல் கூறியது. 1950இல் பறிக்கப்பட்ட பாடகர் பால் ராப்சனின் கடவுச்சீட்டு அதன் பின்னரே அவர் கைக்கு வந்தது. ஆனால் அதே நீதிமன்றம் 1965இல் வேறொரு திசையில் நடந்தது. கியூபாவின் நிலையை நேரில் கண்டறிய விரும்பிய லூயி செமலுக்கு அனுமதி இல்லை என்றது. தடை ஆளுக்கன்று, இடத்துக்கு என்பது தீர்ப்பின் சாரம். பேசும் உரிமை, தடையின்றித் தகவல் திரட்டும் உரிமையாகிவிடாது என்றும் அது விளக்கியது. எங்களால் இதை ஏற்க இயலவில்லை. கண்ணைக் கட்டிவிட்டு வாயை மட்டும் திறந்துவிடுவதால் என்ன பயன்?

மறுதரப்பையும் எண்ணிப் பார்த்தோம். வடகொரியாவில் சிறைவைக்கப்பட்ட மாணவர் ஓட்டோ வார்ம்பியர் 2017இல் நினைவிழந்த நிலையில் நாடு திரும்பி, சில நாள்களில் இறந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் அமெரிக்கக் கடவுச்சீட்டு வடகொரியாவுக்குச் செல்லாது என்றாயிற்று. அந்த மரணத்தை எளிதாகக் கடந்துவிட முடியாது. பிடிபட்ட குடிமகன் பேரத்துக்குரிய பொருளாகிவிடுகிறான் என்ற அரசின் கவலையும் பொய்யன்று. இந்தியக் கடவுச்சீட்டிலும் ஒரு காலத்தில் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்ற குறிப்பு இருந்தது. நிறவெறிக்கு எதிரானது என்பதால் நம்மில் பலர் அதைப் பெருமையாகவே கருதினோம்.

ஆயினும் எச்சரிப்பது வேறு, தடுப்பது வேறு. ஆபத்தை எடுத்துச் சொல்வது அரசின் கடமை. அறிந்தபின் முடிவெடுப்பது வயதுவந்த குடிமகனின் பொறுப்பு. செய்தியாளர்களுக்குச் சிறப்பு அனுமதி உண்டே எனலாம். யார் செய்தியாளர் என்பதையும் அந்த அரசுதானே தீர்மானிக்கிறது? வொர்திக்கு அது கிடைத்திருக்குமா என்று கேட்டுப் பார்த்தால் போதும்.