எழுதிய மை நிற்குமா, அழியுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "இனிமேல் நோட்டு, பேனா எல்லாம் தேவையில்லை அல்லவா?" தேவை என்பதே என் பதில். ஆனால் பேனாவில் எந்த மையை ஊற்றுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். சாஃப்ட்வேர் இன்ஜினியருக்கும் மைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

எங்கள் வீடு ஊட்டியை அடுத்த பெர்ன்ஹில்லில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தில் அப்பா கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுவார். விதைத்த தேதி, போட்ட உரம், மேட்டுப்பாளையம் மண்டியில் கிடைத்த விலை எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார். அவர் பயன்படுத்தியது புளூ பிளாக் மை. எனக்கு வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு நல்ல பேனாவும், ஒரு பாட்டில் ராயல் புளூ மையும் வாங்கிக் கொடுத்தேன். பளிச்சென்ற நீலம். நிப் வழுக்கிக்கொண்டு ஓடியது. அன்று முதல் அப்பா அந்த மையில்தான் எழுதினார்.

அவர் காலமான மறு வருடம், தென்மேற்குப் பருவமழையில் கூரை ஒழுகி அந்த நோட்டு நனைந்துவிட்டது. வெயில் வந்ததும் அம்மா அதைக் காய வைத்துப் பிரித்துப் பார்த்தார். பழைய பக்கங்களைப் படிக்க முடிந்தது. நான் வாங்கிக் கொடுத்த மையில் எழுதிய கடைசி நான்கு வருடப் பக்கங்களில் வெளிர்நீலக் கறை மட்டுமே இருந்தது. "கணக்கு போனா போகட்டும். உங்கப்பா கையெழுத்துப்பா அது" என்றார் அம்மா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஏன் இப்படி ஆனது?

ராயல் புளூ மையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதில் நீலச் சாயம் முழுவதுமாகக் கரைந்திருக்கும். துகள் எதுவும் இல்லாததால் நிப்பின் பிளவு வழியே தடையில்லாமல் இறங்கும். பேனா அடைத்துக்கொள்ளாது. அப்படியே அடைத்தாலும் சாதாரணத் தண்ணீரில் கழுவினால் போதும். பள்ளிப் பிள்ளைகளின் சட்டையில் கொட்டினாலும் பெரும்பாலும் துவைத்து எடுத்துவிடலாம். சட்டையிலிருந்து போகும் அதே குணத்தால்தான் காகிதத்திலிருந்தும் போய்விடுகிறது. பாட்டிலில் 'வாஷபிள்' என்று போட்டிருப்பதன் பொருள் இதுதான்.

பழைய முறைப்படி செய்த புளூ பிளாக் மை வேறு வகை. அதில் இரும்பு உப்பும், கடுக்காயில் இருப்பது போன்ற துவர்ப்புப் பொருளும் உண்டு. எழுதும்போது நீலமாகத் தெரியும். காற்றுப் பட்டதும் மெல்லக் கறுத்து, தண்ணீரில் கரையாத பொருளாகக் காகித இழையிலேயே தங்கிவிடும். ஆனால் இன்று புளூ பிளாக் என்று விற்கும் எல்லா மைகளும் இந்த வகை அல்ல. சில வெறும் சாயக் கலவைகள்தான். பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

உங்கள் பிரிண்டரிலும் இதே கதைதான். இங்க்ஜெட் பிரிண்டர்களில் சாய மையும் உண்டு, நுண்துகள் கலந்த பிக்மென்ட் மையும் உண்டு. சாய மையில் அச்சடித்த தாளில் தண்ணீர் பட்டால் எழுத்து கலங்கிவிடும். லேசர் பிரிண்டரின் டோனர் சூட்டில் உருகிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீருக்கு அசையாது.

என்ன செய்யலாம்?

1. புது மை வாங்கியதும் ஒரு தாளில் நாலு வரி எழுதி ஒரு நாள் காய விடுங்கள். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஒற்றி எடுங்கள். எழுத்து நின்றால் நம்பலாம்.

2. தினசரிக் குறிப்பு, பரீட்சைக்கு எழுதிப் பார்ப்பது போன்றவற்றுக்கு ராயல் புளூ அருமையான மை. காலத்துக்கும் இருக்க வேண்டியதற்கு அது வேண்டாம்.

3. இரும்பு உப்பு மையோ பிக்மென்ட் மையோ ஊற்றினால் பேனாவில் காய விடாதீர்கள். அடிக்கடி கழுவுங்கள்.

4. முக்கியமான பக்கங்களை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என இரண்டு இடங்களில் வையுங்கள்.

இந்த நாலாவது வேலையை நான் எப்போதோ செய்திருக்கலாம். ஸ்கேனர் என்னிடம் இருந்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற எண்ணம் மட்டும் ஒரு ஃபைலையும் காப்பாற்றாது. உங்கள் வீட்டில் பழைய நோட்டு இருந்தால், புதுக் கம்ப்யூட்டரில் கேம் போடும் முன் முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். அப்பாவின் பழைய பக்கங்களை இப்போது நான் அதைத்தான் செய்து வைத்திருக்கிறேன். கடைசி நான்கு வருடம்தான் இல்லை.