கை மாறும் கண்

மனிதர்களுக்குப் பிடிக்கும் பித்துகளில் பல ரகம் உண்டு. தபால் தலை சேர்ப்பவர்கள், பழைய நாணயங்களைத் தேடி அலைபவர்கள், ஒரு கச்சேரியைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் அதைப் பற்றியே பேசுகிறவர்கள் ஆகிய எல்லோரையும் நாம் அறிவோம். ஆனால் காமிராப் பித்துக் கொண்டவர்கள் தனி ரகம். மற்றவர்கள் சேர்த்ததைக் கையை விட்டு விடமாட்டார்கள். இவர்களோ ஒரு லென்ஸை வாங்கிய மறு வாரமே அதைக் கொடுத்து வேறொன்றை வாங்க முடியுமா என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். இத்தகைய அன்பர்கள் இருவர் சந்தித்தால், எடுத்த படங்களைப் பற்றி ஐந்து நிமிஷமும், எடுக்கும் கருவிகளைப் பற்றி ஐம்பது நிமிஷமும் பேசுவார்கள்.

இந்தப் பித்தைப் பற்றி நாம் இப்போது பிரஸ்தாபிப்பதற்குக் காரணம், கும்பகோணத்திலிருந்து ஒரு கிருகஸ்தர் எழுதியிருக்கும் கடிதம். அவருடைய புதல்வர் காலேஜில் வாசிக்கிறார். தம்முடைய காமிராவுடன் வந்த லென்ஸைக் கொடுத்து, அதற்கு ஈடாகக் கோயம்புத்தூர் அன்பர் ஒருவரிடமிருந்து ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட ருஷ்ய லென்ஸ் ஒன்றைப் பெற்றுக்கொள்ளப் பேச்சு நடத்துகிறாராம். "புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்குவது புத்திசாலித்தனமா?" என்பது தகப்பனாரின் முதற் கேள்வி. அவருடைய இரண்டாவது கேள்விதான் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது. பையனுடைய லென்ஸ் சென்ற வருஷம் மேஜையிலிருந்து ஒரு தரம் கீழே விழுந்துவிட்டது; ஆனால் வெளியே ஒரு கீறல்கூட இல்லை. "இதை அவரிடம் சொல்லத்தான் வேண்டுமா? சொன்னால் பேரம் கலைந்துவிடுமே என்று பையன் தயங்குகிறான். வருகிற தை மாதத்தில் பெண்ணுக்குக் கல்யாணம். படமெடுக்கும் பொறுப்பும் அவனுடையதே. தங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

முதற் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். காமிரா வேறு, லென்ஸ் வேறு. டிஜிட்டல் காமிரா என்பது மின்சார மூளை கொண்ட யந்திரம். சில வருஷங்களில் அதைவிடக் கெட்டிக்கார யந்திரம் வந்து அதன் மதிப்பைக் குறைத்துவிடும். பிலிமின் கதியும் நாம் அறிந்ததே. உதகமண்டலத்தில் 1960-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, 'இந்து' என்ற பெயரில் நம் நாட்டுப் பிலிமைத் தயாரித்து வந்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. அதன் பிலிமையும் இப்போது காண்பதற்கில்லை. ஆனால் லென்ஸ் என்பது தேய்த்துத் துலக்கிய சில கண்ணாடி வில்லைகளும் அவற்றைத் தாங்கும் ஓர் உலோகக் குழலுமே. ஒளி வளையும் விதி மாறாதவரையில், அன்று நல்ல படம் கொடுத்த லென்ஸ் இன்றும் கொடுக்கும்.

அப்படியானால் பழைய லென்ஸ்கள் நடுவில் சில காலம் சீந்துவாரற்றுக் கிடந்தது ஏன்? லென்ஸைக் காமிராவுடன் பூட்டும் வாய்க்கு 'மவுண்ட்' என்று பெயர். கம்பெனிக்குக் கம்பெனி இந்த மவுண்ட் வேறுபடும். சில சமயம் ஒரே கம்பெனி தன் மவுண்டை மாற்றிவிடுவதும் உண்டு. கானன் கம்பெனியார் 1987-ம் வருஷத்தில் அவ்வாறு செய்தார்கள். அதற்கு முன் அவர்களுடைய லென்ஸ்களை ஆசையோடு வாங்கியவர்கள், புதிய காமிராவில் அவற்றை நேராகப் பூட்ட முடியாமல் திகைத்தார்கள். நல்ல நல்ல லென்ஸ்களெல்லாம் அநாதைகளாயின.

அந்த அநாதைகளுக்கு வாழ்வளித்தது முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றின் மறைவு. முந்தைய பெரிய காமிராக்களில், லென்ஸின் பின்னால் ஒரு சிறு கண்ணாடி சாய்வாக நின்று காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும். அதற்கு இடம் வேண்டுமல்லவா? ஆகையால் மவுண்டுக்கும் பிலிமுக்கும் நடுவே நாற்பது மில்லிமீட்டருக்கு மேல் தூரம் விட்டிருந்தார்கள். பழைய கானன் காமிராக்களில் அது 42 மில்லிமீட்டர். 2008-ம் வருஷத்தில் பானசோனிக் கம்பெனி அந்தக் கண்ணாடியை நீக்கிய காமிராவை வெளியிட்டது. 2010-ல் வந்த ஸோனி காமிராவில் மேற்படி தூரம் 18 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது. மிச்சமிருக்கும் 24 மில்லிமீட்டரை நிரப்ப ஒரு வெறும் வளையம் போதும். 'அடாப்டர்' எனப்படும் அந்த வளையத்தில் வில்லை ஒன்றும் கிடையாது, இருப்பது காற்றுதான். காற்றடைத்த அந்த வளையத்தின் புண்ணியத்தால் பரணில் கிடந்த லென்ஸ்கள் கீழே இறங்கி மறுபடியும் உலகத்தைப் பார்க்கத் தொடங்கின. இன்று நடக்கும் பண்டமாற்றில் பெரும் பகுதி இதனால் விளைந்ததே.

கும்பகோணத்துப் பையன் ஆசைப்படும் லென்ஸ் 'ஹீலியோஸ் 44' என்று தெரிகிறது. ஜெர்மானியர்களின் பயோட்டார் என்னும் லென்ஸைப் பின்பற்றி ருஷ்யாவில் ஏராளமாகச் செய்யப்பட்டது அது. முகங்களை அழகாக எடுக்கும். பின்னாலுள்ள இலை தழைகளைச் சுழல்போல மங்கலாக்கிக் காட்டும். ஆனால் அதன் குவிதூரம் 58 மில்லிமீட்டர். சாதாரண அளவுள்ள டிஜிட்டல் காமிராவில் பூட்டினால் 87 மில்லிமீட்டர் லென்ஸ்போல நெருங்கியே பார்க்கும். அதோடு, தானாக ஃபோகஸ் செய்துகொள்ளவும் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு தரமும் கையால் வளையத்தைத் திருப்ப வேண்டும். மணப்பெண்ணின் முகத்தைத் தனியே எடுக்க உத்தமமான லென்ஸ்தான். ஆனால் ஊஞ்சலைச் சுற்றி நிற்கும் நாற்பது பந்துக்களையும் ஒரே படத்தில் அடக்க வேண்டுமென்றால், படமெடுப்பவர் மண்டபத்தின் சுவரைத் தாண்டிப் பின்னால் போக வேண்டியிருக்கும்! ஆகவே, பழைய லென்ஸை வாங்குவது அசட்டுத்தனமல்ல. கல்யாணத்துக்கு முன்னால், கையிலிருக்கும் ஒரே அகல லென்ஸைக் கொடுத்துவிடுவதுதான் அசட்டுத்தனம். தை மாதம் கழியட்டும், பிறகு மாற்றிக்கொள்ளட்டும்.

இனி இரண்டாவது கேள்வி. லென்ஸில் உண்டாகும் குறைகளில் கண்ணுக்குப் பட்டுப் பயமுறுத்துபவை பெரும்பாலும் சாதுவானவை. உள்ளே நாலைந்து தூசி இருந்தால் படம் கெடாது. முன் வில்லையில் மெல்லிய கீறல் ஒன்று இருந்தாலும் அநேகமாகத் தெரியாது. பின் வில்லையில் இருந்தால்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உண்மையான சத்துருக்கள் ஒளிந்திருப்பவை. அவற்றுள் முதலாவது பூசணம். காமிராக்காரர்கள் 'ஃபங்கஸ்' என்பார்கள். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில், ஈரக் காற்றில், இருட்டில், தோலுறைக்குள் வருஷக்கணக்கில் வைத்த லென்ஸில் அது சிலந்தி வலைபோலப் படரும். துடைத்து எடுத்துவிட்டாலும், முற்றிய பூசணம் வில்லையின் மேற்பூச்சை அரித்த வடு போகாது. லென்ஸின் ஒரு புறத்தில் டார்ச் விளக்கைப் பிடித்து மறு புறம் சாய்வாகப் பார்த்தால் அது அகப்பட்டுக்கொள்ளும். லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பதும், அடிக்கடி வெளியே எடுத்து உபயோகிப்பதுமே அது வராமல் தடுக்கும் உபாயங்கள்.

இரண்டாவது சத்துரு, கீழே விழுந்த லென்ஸில் ஏற்படும் கோணல். வெளியே கீறல்கூட இராது. ஆனால் உள்ளே ஒரு வில்லை மயிரிழை நகர்ந்திருக்கும். படத்தின் இடப்பக்கம் தெளிவாகவும் வலப்பக்கம் மங்கலாகவும் விழும். இதை டார்ச் விளக்கு காட்டிக் கொடுக்காது. செய்தித்தாளைச் சுவரில் விரித்து ஒட்டி, காமிராவை நேர் எதிரே அசையாமல் நிறுத்தி, லென்ஸின் துவாரத்தை முழுவதும் திறந்து ஒரு படம் எடுக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் எழுத்துகள் ஒரே மாதிரி இருந்தால் கவலையில்லை. ஒரு மூலை மட்டும் குழம்பியிருந்தால், விழுந்த லென்ஸ் தன் கதையைத் தானே சொல்லிவிட்டதென்று அறியலாம்.

சொல்லாமல் விட்டால் என்ன? இந்த வியாபாரம் பெரிதாக நடக்கும் இடங்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். டோக்கியோ நகரத்தில் ஷிஞ்ஜுகு, கின்ஸா முதலிய பேட்டைகளிலுள்ள பழைய காமிராக் கடைகளில், ஒவ்வொரு பொருளுக்கும் தரம் குறித்திருப்பார்கள். 'உள்ளே சிறிது தூசி', 'வில்லையில் லேசான மங்கல்', 'ஓரத்தில் பூசணம்' என்று குறைகளையும் எழுதியிருப்பார்கள். பழுதானவற்றுக்குத் தனிக் கூடை உண்டு. 'வேலை செய்யுமென்று பொறுப்பேற்க மாட்டோம்' என்று சொல்லியே சொற்ப விலைக்கு விற்பார்கள். குறையைச் சொல்லி விற்பதால் அக்கடைகள் நொடித்துப் போகவில்லை. கடல் கடந்து வாழ்பவர்களும் பொருளைக் கண்ணால் பாராமலே அங்கே பணம் அனுப்பி வாங்குகிறார்கள். பாரிஸ் நகருக்கு அருகே பியேவ்ர் என்ற சிற்றூரில் 1964-ம் வருஷத்தில் தொடங்கிய புகைப்படச் சந்தையிலும் மேஜைமேல் பரப்பிய பழைய சாமான்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: "இதில் என்ன குறை?" 'ஒன்றுமில்லை' என்று சொல்பவரைவிட, 'இன்னது' என்று சொல்பவரிடமே அனுபவசாலிகள் பையைத் திறப்பார்கள்.

குறையை மறைப்பதைவிடப் பெரிய பொய் ஒன்றும் இந்த உலகத்தில் உண்டு. சோவியத் நாட்டில், கார்க்கோவ் நகரத்தில், அநாதைச் சிறுவர்களுக்காக ஏற்பட்ட தொழிற் குடியிருப்பு ஒன்றில், 1934-ம் வருஷம் முதல் 'ஃபெட்' என்ற காமிராவை வரிசையாகச் செய்து வந்தார்கள். ஜெர்மன் லைக்காவைப் பார்த்துச் செய்ததானாலும், உழைக்கும் கைகள் உண்டாக்கிய யோக்கியமான காமிரா அது. பிற்காலத்தில் பேராசைக்காரர்கள் அதன் பெயரைச் சுரண்டிவிட்டு, லைக்கா முத்திரையைப் பொறித்து அதிக விலைக்கு விற்றார்கள். ஃபெட் என்ற சொந்தப் பெயரோடு இருந்தவரையில் அது கௌரவமான பொருள். முத்திரை மாறியதும் அதுவே மோசடி. யந்திரம் மாறவில்லை, அதைப் பற்றிச் சொன்ன வார்த்தைதான் மாறியது. மாற்று வியாபாரத்தில் கை மாறுவது கண்ணாடி மட்டுமல்ல, வார்த்தையுந்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

ஆகையால் கும்பகோணத்து இளைஞருக்கு நாம் சொல்வது இதுதான். தம்பி! முதலில் செய்தித்தாள் பரீட்சையைச் செய்து பார். லென்ஸ் தேறினாலும் தேறாவிட்டாலும், எடுத்த படத்தைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி, 'இது சென்ற வருஷம் ஒரு தரம் கீழே விழுந்தது. இப்போது இப்படி இருக்கிறது' என்று எழுதிவிடு. தேறியிருந்தால், அந்தப் படமே உனக்கு நற்சாட்சிப் பத்திரம். தேறாவிட்டால், கொஞ்சம் மேல்பணம் கொடுக்க நேரலாம். பேரம் கலைந்தாலும் கலையலாம். சொல்லாமல் மாற்றிக்கொண்டாலோ, அவர் ஒரு நாள் தம் குழந்தையைப் படமெடுத்து, ஒரு பக்கம் மங்கியிருப்பதைப் பார்த்து, உன்னை நினைத்துக்கொள்வார். அந்த நினைவைத் திருப்பி வாங்க எந்த மேல்பணமும் போதாது. நீயும் அவரிடம் தயங்காமல் கேள்: பூசணம் உண்டா? வளையம் தாராளமாகத் திரும்புகிறதா? துவாரத்தின் இதழ்களில் எண்ணெய் படிந்திருக்கிறதா?

வாங்குகிறவர்களுக்கும் இந்தத் தர்மம் பொருந்தும். கணவர் காலமான பின், அவர் வைத்துவிட்டுப் போன காமிராப் பெட்டியை இன்னதென்று அறியாமல் விற்க வரும் அம்மாளிடம், விலையுயர்ந்த லென்ஸைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கிவிட்டுத் தம் சாமர்த்தியத்தைச் சிநேகிதர்களிடம் மெச்சிக்கொள்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அறிந்தவன் அறியாதவருக்கு மதிப்பைச் சொல்லாமலிருப்பதும், விழுந்த லென்ஸை விழவில்லை என்று விற்பதும் ஒரே தராசின் இரண்டு தட்டுகளே.

ஓயாமல் மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1948-ம் வருஷத்தில் காந்தியடிகளின் இறுதி யாத்திரையைப் படமெடுத்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன், தம் வாழ்நாள் வேலையில் பெரும்பகுதியை 50 மில்லிமீட்டர் அளவுள்ள லென்ஸைக் கொண்டே செய்தார். லென்ஸை மாற்றுவதால் பார்வை மாறும் என்பது பாதி உண்மை. பார்க்கக் கற்றுக்கொண்டவனுக்கே அந்தப் பாதியும் பயன்படும்.

கடைசியாக, நேயர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு அலமாரியிலும் தாத்தாவோ சித்தப்பாவோ வைத்துவிட்டுப் போன காமிரா ஒன்று தோலுறைக்குள் உறங்கிக்கொண்டிருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வீட்டில் யாரேனும் உபயோகிப்பதானால் மிகவும் சந்தோஷம். இல்லையேல், அதன் குணத்தையும் குறையையும் சொல்லி, ஆசையுள்ள ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். இருட்டில் வைத்திருந்தால் அதில் பூசணம்தான் குடியேறும்.